அப்பா கட்டிய லெவல்கள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில். மலைமேல் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், ஆள்கணக்கு எழுதி வேலை வாங்கும் ரைட்டராக இருந்தார். காலையில் வேலையாட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், ஒரு பேரைப் பாதி சொன்னதும் சரிந்துவிட்டாராம். சேலத்து ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தது. வலது கை விளங்கவில்லை. காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. சொல்ல நினைப்பது அவருக்குத் தெரியும், சொல் வராது. பார்க்க வந்தவர்கள் அவரிடம் பேசாமல் அம்மாவிடமே பேசிவிட்டுப் போனார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

எஸ்டேட் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அம்மா மிளகு தரம் பிரிக்கும் வேலைக்குப் போனார். நான் பக்கத்திலேயே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வீட்டில் தனியாக விட முடியாததால் அப்பாவையும் என்னோடு கூட்டிப்போனேன். சென்டர் நடத்தியவர் நல்ல மனுஷர். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் மாணவர்கள் இல்லாத நேரத்தில் நான் ஒரு கேம் ஆடுவேன். ஒரு குட்டி மனிதன் கல் மேல் கல்லாகத் தாவி, ஏணி ஏறி, பள்ளம் தாண்டிக் கதவுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்பா அதைப் பார்த்தபடியே இருப்பார். ஒருநாள் இடது கையை நீட்டினார். கீபோர்டைத் தள்ளிக் கொடுத்தேன். ஓடிக்கொண்டே தாவுவதற்கு இரண்டு கட்டையை ஒன்றாக அழுத்த வேண்டும். ஒரு கையால் அது அவருக்கு வரவில்லை. முதல் பள்ளத்திலேயே விழுந்தார். மறுபடியும் விழுந்தார். கீபோர்டை என் பக்கமே தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஏன் கொடுத்தோம் என்றாகிவிட்டது.

அந்த கேமில் நாமே லெவல் கட்டிக்கொள்ள ஒரு பகுதி உண்டு. வெற்றுத் திரையில் கட்டம் கட்டமாகக் கல்லோ, ஏணியோ, முள்ளோ வைத்துக்கொண்டே போகலாம். ஒரு நேரத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் போதும். அவசரம் கிடையாது. மறுநாள் அதைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

முதல் லெவலைக் கட்டி முடிக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. நடுவே கரண்ட் போய்ச் செய்ததெல்லாம் அழிந்து, திரும்ப முதலிலிருந்து வைத்தார். முடித்ததும் என் தோளைத் தட்டி, "ஆடு" என்றார்.

ஆடினேன். பார்வைக்கு ஒன்றுமில்லாத சமதரை. கடைசியில் ஒரு சின்னப் பள்ளம். தாவினேன், தலைக்கு மேலே இருந்த கல்லில் இடித்து முள்ளில் விழுந்தேன். பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன்பிறகு அவர் கட்டுவார், நான் ஆடுவேன், அவர் நான் எங்கே விழுகிறேன் என்று பார்த்து மாற்றுவார். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை.

"ஊர்ல நாலு பேரு என்ன நெனப்பாங்க? அத்தன ஆளுங்கள மேச்ச மனுசன, கொழந்தயாட்டம் வெளையாட்டுச் சாமான் முன்னால உக்கார வெச்சிருக்கற" என்றார்.

"அவருக்குப் புடிச்சிருக்குதும்மா."

"புடிச்சாப் போதுமா?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

சனிக்கிழமைகளில் நான் பஸ் பிடித்து சேலம் இறங்கி, எங்கள் சென்டரின் தலைமை இடத்துக்குப் போய்ப் பாடங்களை ஃப்ளாப்பியில் வாங்கி வருவேன். அப்பாவின் லெவல்களையும் ஒரு ஃப்ளாப்பியில் போட்டுக் கொண்டுபோனேன். அங்கே படித்துக்கொண்டிருந்த ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பெண், வகுப்பு முடிந்தபிறகு உட்கார்ந்து அவற்றை ஆடினாள். அடுத்த சனிக்கிழமை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கக்கா, இதெல்லாம் ஆரு கட்டுனதுங்க? கையெல்லாம் நோவுதுங்க. இன்னும் இருந்தாக் குடுங்க."

அதை அப்பாவிடம் சொன்னேன். அன்று முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை, கட்டிக்கொண்டே இருந்தார்.

மழைக்காலத்தில் ஒரு லெவல் கட்டினார். ஆடிப் பார்த்தேன். கதவைச் சுற்றி நான்கு பக்கமும் கல். எங்கே தேடியும் உள்ளே நுழைய இடமில்லை. பக்கத்தில் ஒரு பலகை மட்டும் கூரைவரை சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"வழி விட மறந்துட்டீங்களாப்பா?"

இல்லையென்று தலையை ஆட்டினார். மறக்கவில்லை.

"வழி இல்லீன்னா ஆடறவங்க எப்படிப்பா போவாங்க?"

வெகுநேரம் சொல்லைத் தேடினார். "இல்ல" என்றார். "வழி... இல்ல."

அவர் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வெளியே பனி இறங்கி எதிர்க்கடைகூடத் தெரியவில்லை. ஒரு கல்லை எடுத்துவிடட்டுமா என்று கீபோர்டுப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஃப்ளாப்பியைக் காட்டினார். அதுவும் சேலத்துக்குப் போக வேண்டும்.

கொண்டுபோனேன். அந்தப் பெண்ணிடம், கடைசி லெவலில் வழி கிடையாது, சிரமப்படாதே என்று சொல்லியே கொடுத்தேன்.

இரண்டு சனிக்கிழமை அவள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது முறை என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள். குட்டி மனிதனை அந்தப் பலகையில் ஏற்றி, கூரையோடு தலை ஒட்டும் நேரம் பார்த்துத் தாவினாள். அவன் பக்கத்துக் கல்லுக்குள் புகுந்து, மறுபுறம் கதவுக்கு முன்னால் விழுந்தான். கேம் எழுதியவர்கள் கவனிக்காமல் விட்ட பிழை அது. நானும் அதுவரை அறிந்ததில்லை.

ஊருக்கு வந்து, அதைப் பழகிப் பழகிக் கடைசியில் அப்பாவுக்கு ஆடிக் காட்டினேன். மனிதன் கதவுக்குள் போனதைப் பார்த்துவிட்டு, திரும்பக் காட்டச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒருமுறை. அவர் கண் கலங்கியிருந்தது. கோபமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு இடது கையால் கீபோர்டை இழுத்துக்கொண்டு அந்தப் பலகையை எடுத்துவிட்டு, வேறு இடத்தில் ஒரு ஏணி வைத்தார். கதவுக்கு மேலிருந்த ஒரு கல்லையும் எடுத்தார். போவதற்கு வழி இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதைக் கடக்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. அடுத்த பக்கவாதத்தை அப்பா தாங்கவில்லை. ஒரு விடியற்காலை, தூக்கத்திலேயே போய்விட்டார்.

மூன்றாம் நாள், தலைமை இடத்தில் சேதி கேள்விப்பட்டு, சேலத்திலிருந்து வந்த பஸ்ஸில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, "அவருக்குப் பழக்கமா கண்ணு நீ?" என்று கேட்டார்.

"நான் அவரப் பாத்ததே இல்லீங்கம்மா" என்றாள் அவள். "அவரு கட்டுன எடத்துல எல்லாம் நடந்திருக்கறனுங்க."

அம்மா என்னைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னேன். அந்த விளையாட்டுச் சாமான்தான், அதை ஆடியவள் இவள்தான் என்று. அம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"கஷ்டமா வெச்சிருந்தாரா சாமி?"

"நொம்பக் கஷ்டமுங்கம்மா. ஒரு எடத்துல நாம அசந்தாப் போதும், உடமாட்டாரு."

"அவரு அப்படித்தான்" என்றார் அம்மா. "எஸ்டேட்லயும் அப்படித்தான் இருந்தாரு." சாவு விழுந்த அன்றைக்குக்கூட வராத அழுகை அப்போது வந்தது. அந்தப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அழுது ஓய்ந்தபிறகு அம்மா எழுந்து முகம் கழுவி, அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். அப்பா கட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எங்கே ஏணி, எங்கே முள், எந்தப் பள்ளத்தில் அவள் எத்தனை முறை விழுந்தாள் என்று. அவள் தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் அவளை எழுப்ப வேண்டியிருந்தது.