மலரக்காவின் சுவரில் கியூபா

மன்னாரில் பிறந்த மனுசிக்குக் கியூபாவோடு என்ன கொண்டாட்டம் என்று என்னிடம் கேட்டவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றலாம். கோயில் வாசலில் கேட்டார்கள், கலியாண வீட்டில் கேட்டார்கள், ஒருவர் செத்தவீட்டில் வைத்தும் கேட்டார். கண்டறியாத கேள்வி. நாங்கள் குடியேறிய இந்த ஹென்டர்சனில் இருந்துகொண்டு இங்கிலாந்துக் கால்பந்துக் குழுவுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறவனை, உனக்கும் அந்த ஊருக்கும் என்னடா என்று யாரும் கேட்பதில்லை. துணி தோய்க்கிற ஒரு பெண் கியூபா ஓவியங்கள் சேர்த்தால் மட்டும் எல்லோருக்கும் குடைகிறது.

ஆகவே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் தவராசா, கூப்பிடுவது தவம், மின்சார வேலை செய்கிறவன். மலரக்கா என்று நான் சொல்வது இராசமலரை. வயது அறுபத்திரண்டு, ஊர் பேசாலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து அனுப்பும் சலவை ஆலை ஒன்றில் பத்தொன்பது வருடமாக வேலை. பகல் முழுவதும் வெள்ளைத் துணி, வீட்டுக்கு வந்தால் சுவர் முழுக்க நிறம். கணவர் அருளப்பு அண்ணை, "ஒரு கலண்டர் கொழுவ இடமில்லை" என்று புறுபுறுப்பார். ஆனால் அந்தப் படங்களுக்குத் தூசி தட்டுகிறவரும் அவர்தான்.

எல்லாம் ஒரு பிழையில்தான் தொடங்கியது. பதின்மூன்று வருடங்களுக்கு முன் ஹென்டர்சனில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில் மலரக்கா ஒரு படத்தைக் கண்டார். கொந்தளிக்கிற கடல், அதில் ஒரு சின்ன வள்ளம், வள்ளத்தில் மூன்று பேர், அவர்களுக்கு மேலே மஞ்சள் அங்கியோடு மாதா. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்துக்குத் தப்பி இராமேஸ்வரத்துக்கு அப்படியொரு வள்ளத்தில் போன மனுசி அவர். யாரோ எங்கள் சனம்தான் வரைந்திருக்கிறார்கள் என்று நினைத்து வாங்கி, அடுத்த ஞாயிறு பாதரிடம் கொடுத்து மந்திரிப்பித்தும் விட்டார். பிறகுதான் படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். நகரத்தின் தெற்குக்கோடியில் இருக்கும் பாபகூராவின் விலாசம் ஒன்றும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. எடுத்து, "நீங்கள் மன்னாரில எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறார். தமிழில்.

மறுபக்கத்தில் இருந்தவர் ஒடாலிஸ். கியூபாவின் கிழக்குக் கரையில் பிறந்து, இங்கே வந்து, நகரத்து அலுவலகங்களைத் துப்புரவு செய்கிறவர். அது கியூபாவின் மாதா, வள்ளத்தில் இருப்பவர்கள் அவர் காப்பாற்றிய கியூபா மீனவர்கள். வீடு மாறும்போது வைக்க இடமில்லாமல் கடைக்குக் கொடுத்துவிட்டாராம். வேறு யாரென்றால் வெட்கப்பட்டு போனை வைத்திருப்பார்கள். மலரக்கா அடுத்த சனிக்கிழமை ஒரு பெட்டி மீன் கட்லட்டோடு ரயிலேறி பாபகூராவுக்குப் போய் இறங்கினார். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

இன்றைக்கு முப்பத்தெட்டுப் படங்கள். ஒடாலிஸ் வரைந்தவை, கியூபாவிலேயே இருக்கும் அவருடைய தம்பி லாசரோ வரைந்தவை, அங்குள்ள வேறு சிலருடையவை, வெலிங்டனில் கோப்பை கழுவுகிற ஒருவருடையவை, சிட்னியில் இருக்கும் ஒரு ஆசிரியையுடையவை. கியூபாவுக்குப் போய் வருகிற யாராவது சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு வருவார்கள். மலரக்காவுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ஊரில் இருப்பவர் வரைந்ததும் வெளியே போனவர் வரைந்ததும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவேண்டும்.

வீட்டில் இடம் போதாதபோது படங்கள் வெளியே கிளம்பின. ஹென்டர்சனில் வரி அலுவலகம் வைத்திருக்கும் வரதராஜனின் வரவேற்பறையில் இரண்டு, வெஸ்ட்கேட்டில் ஒரு பல் வைத்தியரிடம் நான்கு. சுவரில் துளை போட என்னைத்தான் கூப்பிடுவார். வரதராஜன் மதுரைக்காரர், நல்ல மனிதர், ஆனால் கொஞ்சம் பயந்த சுபாவம்.

"ஏங்க, வர்றவங்கள்லாம் இது என்ன படம்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?" என்றார்.

"கேக்கினம் எண்டால் பார்க்கினம் எண்டுதானே அர்த்தம். வேறை என்ன வேணும் உங்களுக்கு?" என்றார் மலரக்கா. 

எங்கள் சனத்தின் கதையை விடுங்கள், கியூபாக்காரரே சும்மா இருக்கவில்லை. சிட்னியிலிருந்து ஒருவர், கியூபாவிலேயே இருந்து வரைகிறவர்களின் படங்களைக் கழற்றினால்தான் தன்னுடையதைத் தருவேன் என்று எழுதினார். இங்கே ஒரு கூட்டத்தில் இன்னொருவர், ஊரைவிட்டு ஓடியவர்களின் படங்களைக் கழற்று என்றார். இரண்டு பேருக்கும் மலரக்கா ஒரே பதில்தான் சொன்னார். அவருடைய தங்கை பேசாலையை விட்டு அசையாதவர். வெளிநாடு போனவை எங்களை விட்டிட்டுப் போனவை என்று அங்கே ஒரு கதை, ஊரில் இருந்தவைக்கு என்ன தெரியும் என்று இங்கே ஒரு கதை. முப்பது வருடமாக இரண்டையும் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. "இருந்தவையும் சனம்தான், வந்தவையும் சனம்தான். ஒருத்தரையும் கழட்டமாட்டன்" என்றார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடம் நகரத்து ஓவியக்கூடம் ஒன்றிலிருந்து பிலிப்பா என்ற பெண் வந்தார். பல் வைத்தியரிடம் பல் பிடுங்கப் போய்ப் படங்களைக் கண்டிருக்கிறார். கியூபா ஓவியக் கண்காட்சி ஒன்று வைக்கலாம் என்றார். மலரக்கா இரண்டு நாள் லீவு போட்டு வீட்டைக் கழுவினார். அதைவிடப் பெரிய எதிர்பார்ப்பு ஒடாலிஸுக்கு. ஐம்பத்தெட்டு வயது, வரையத் தொடங்கி நாற்பது வருடம், இந்த நாட்டில் ஒரு ஓவியக்கூடத்தின் வாசலைக்கூட யாரும் அவருக்குத் திறந்துவிட்டதில்லை. அவருடைய பெரிய படம் மலரக்காவின் குசினிச் சுவரில் இருக்கிறது. விடியற்காலைப் பாபகூரா ரயில் மேடை, முதல் ரயிலுக்குக் காத்திருக்கும் ஆறு துப்புரவுப் பெண்கள். ஒருத்தி சப்பாத்தைக் கழற்றிக் காலைத் தடவிக்கொண்டு இருக்கிறாள். அந்தக் கால் வீங்கியிருப்பது தெரியும். நான் படம் பார்க்கத் தெரிந்தவன் இல்லை, ஆனால் என் அம்மாவின் கால் அது என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பிலிப்பா வீட்டைச் சுற்றிவந்து பதினொரு படங்களைத் தெரிவு செய்தார். எல்லாம் பழைய கார், சுருட்டு, நிறம் உதிர்ந்த தெரு. லாசரோவின் நீலக் கார்ப் படத்தைக் கண்டதும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அந்தக் கார் ஓடாது, பக்கத்து வீட்டுக்காரன் அதற்குள் கோழி வளர்க்கிறான் என்று லாசரோ எழுதியிருந்ததை நான் சொல்ல வாயெடுத்தேன், மலரக்கா கண்ணால் அடக்கினார். பிறகு பிலிப்பா குசினிக்கு வந்து ஆறு பெண்களுக்கு முன்னால் நின்றார். ஒடாலிஸ் அங்கேதான் கோப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலைப்பாடு. ஆனால் இதில் கியூபா எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் பிலிப்பா.

கேட்டீர்களா கதையை? வரைந்தவள் அவருக்கு முன்னால் கோப்பியோடு நிற்கிறாள், கியூபா எங்கே என்று கேட்கிறார். அத்தோடு விட்டாரா? ஒடாலிஸ் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு, ஊர் ஞாபகத்தில் ஒரு படம் வரைய முடியுமா, அந்தப் பழைய கார்களில் ஒன்றோடு, அப்படியென்றால் உங்களையும் சேர்த்துக்கொள்வேன் என்றார். ஒடாலிஸ் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு, யோசிக்கிறேன் என்றார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிலிப்பாவின் கார் தெருமுனை திரும்பியதோ இல்லையோ நான் தொடங்கிவிட்டேன். "என்னக்கா இது, சந்தையில கத்தரிக்காய் பொறுக்கிற மாதிரிப் பொறுக்கிப்போட்டுப் போறா. விடக்கூடாது" என்றேன். மலரக்காவுக்குத் தூண்டுதல் தேவையில்லை, முகம் ஏற்கெனவே கறுத்திருந்தது. ஒடாலிஸ் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ரயிலுக்குப் போய்விட்டார். அன்றைக்கே, ஒரு படமும் தரமாட்டேன், தந்தால் முப்பத்தெட்டையும் தருவேன் என்று கடிதம் எழுதினோம். மலரக்காவின் மகள் றோஷினி தட்டச்சுச் செய்தாள். முடித்துவிட்டு, ஒடாலிஸிடம் கேட்டீர்களா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டாள். எங்களுக்கு அப்போது காது இருக்கவில்லை. அனுப்பு என்றோம்.

சனிக்கிழமை நானும் மலரக்காவும் என் வான் வண்டியில் பாபகூராவுக்குப் போனோம், போரில் வென்றவர்கள் மாதிரி. ஒடாலிஸ் கதவைத் திறந்தார். கை முழுக்கச் சிவப்புச் சாயம். உள்ளே சுவரில் சாய்த்து ஒரு கார். சிவப்புக் கார், பின்னால் கடல், ஒரு தென்னை. முக்கால்வாசி முடிந்திருந்தது.

மலரக்கா கடிதத்தைப் பற்றிச் சொன்னார். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னார். ஒடாலிஸ் தூரிகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அவர்கள் பேசுவது ஆங்கிலத்தில்தான், எங்கள் வாயில் சொல்கிறேன்.

"ஆரைக் கேட்டு எழுதினனீர்?"

"உமக்காகத்தான் எழுதினனான். அவ உம்மை அவமானப்படுத்திப்போட்டா."

"அவ என்னட்டை ஒரு கார் கேட்டா. நீர் என்னட்டை ஒண்டுமே கேக்கேல்லை."

 ஒடாலிஸ் நிறுத்தவில்லை.

"படங்கள் உம்மடை. காசு குடுத்து வாங்கினனீர். ஆனால் பேர் என்ரை. நாப்பது வருசத்துக்கு ஒருக்கால் வந்த நாள் அது. அதைத் தூக்கி எறியிறதெண்டால் நான்தான் எறியவேணும், நீர் இல்லை."

கடிதம் எழுதச் சொல்லி எண்ணெய் ஊற்றினவன் நான், பக்கத்தில் நிற்கிறேன்.  இவ்வளவு காலமும் ஊரெல்லாம் பிழை, நாங்கள் மட்டும் சரி என்றல்லவா நினைத்திருந்தேன். வெட்கக்கேடு.

மலரக்கா அந்த இடத்திலேயே போனை எடுத்தார். பிலிப்பாவிடம் தன் பிழை என்றார், பதினொரு படங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார், ஒடாலிஸ் விரும்பினால் அவருடைய காரையும் என்றார். ஒருத்தரையும் கழற்றமாட்டேன் என்று இத்தனை வருடம் நின்ற மனுசி. ஒரு சொல்லும் குறைக்கவில்லை. ஒடாலிஸ் திரும்பிப்போய்க் காருக்குச் சில்லு வரையத் தொடங்கினார்.

கண்காட்சி தொடங்கிய நாள் மூன்று பேரும் போனோம். ஒடாலிஸ் பச்சைச் சட்டை போட்டு, காதில் தங்கத் தோடு போட்டு, அழகாக இருந்தார். சிவப்புக் கார் வாசலுக்கு நேரே தொங்கியது. ஒரு வயதான கனவான் வைன் கிளாஸோடு வந்து, உங்கள் வீட்டில் இப்படி ஒரு கார் இருந்ததா என்று அவரிடம் கேட்டார்.

"இல்லை. நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். இது போனில் பார்த்து வரைந்தது" என்றார் ஒடாலிஸ். தெளிவாக, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

அந்த மனிதர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எவ்வளவு பகிடியாகப் பேசுகிறார் என்றார் ஒரு அம்மா. பகிடி எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பெண் உண்மையைச் சொல்கிறாள், இதுகள் பல்லைக் காட்டுகிறதுகள். கனவான் அந்தப் படத்தை வாங்கிவிட்டார். பிலிப்பா ஓடிவந்து ஒடாலிஸைக் கட்டிப்பிடித்துக் காதில் ஏதோ சொன்னார்.

திரும்பும்போது ஒடாலிஸை முதலில் பாபகூராவில் விட வேண்டும். மூன்று பேரும் வானின் முன்பக்கத்தில்.  மனுகாவ் தாண்டும்போது ஒடாலிஸ், "பிலிப்பாவுக்கு இன்னும் அஞ்சு கார் வேணுமாம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். "நீர் ரோட்டைப் பாரும், தவம்" என்றார் மலரக்கா. பிறகு ஒடாலிஸிடம் மெதுவாகக் கேட்டார். "நீர் என்ன செய்யப் போறீர்?"

ஒடாலிஸ் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார்.

"ரெண்டு கீறுவன். காலையில நாலரைக்கு எழும்பி அந்த ரயில் பிடிக்க இனி என்ரை முழங்கால் விடாது. ரெண்டு கார் எனக்கு நாலு மாசச் சம்பளம் தரும்."

மலரக்கா மடியில் இருந்த கண்காட்சித் தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். 

"சரி. நான் ஞாயிறு வந்து மரச்சட்டத்துக்குப் படத்துணி இழுத்துத் தாறன். உமக்கு அது கை நோகும்" என்றார்.

சொன்னபடி போனார், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தரையில் முழந்தாளிட்டு, இரண்டு சட்டத்துக்கும் துணியை இழுத்து இழுத்து ஆணி அடித்தார். பத்தொன்பது வருடம் துணி மடித்த கை, ஒரு மூலைகூடக் கோணவில்லை. அடிக்கும்போது கண்ணீர் வழிந்தது, துடைக்காமலே அடித்தார். ஒடாலிஸ் அதைக் கண்டுகொண்டே பக்கத்தில் இருந்து ஆணி எடுத்துக் கொடுத்தார். படத்து ஆறு பெண்களும் இன்னும் மலரக்காவின் குசினியில்தான் நிற்கிறார்கள், ஒரு ஓவியக்கூடமும் கேட்கவில்லை. மலரக்கா கோபத்தை விழுங்கிக்கொண்டு ஆணி அடிக்கக்கூடியவர். என்னால் முடியாது, எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.