கால்மாட்டில் நின்றவள்

போன வாரம் எங்கள் ஊர் காஜா பேராங்கில் ஒரு பேயோடு எனக்குச் சண்டை. சிரிக்காதீர்கள். பிரசவ வார்டிலேயே மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, தலை நரைத்து ரிட்டையர் ஆனவள் நான். பேய்க்கும் ஒரு புரொசீஜர் உண்டு.

பக்கத்து வீட்டு சரோஜாவுக்குப் பிரசவ வலி. மத்தியானம்தான், ஆனால் மழை இருட்டு. மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள் வாசலில் நனைந்துகொண்டிருந்தன.

“மிஸ்ஸி... கால்மாட்டுல வெள்ளையா யாரோ நிக்கிறாங்க,” என்றாள் சரோஜா.

மாமியார் பாக்கியம் உடனே தலையணைக்கு அடியில் பாக்குவெட்டியைச் செருகினார். “பொந்தியானாக்! பிரசவத்துல செத்தவ. ரத்த வாடைக்கு வந்துட்டா!” தூண்களின்மேல் நிற்கும் பலகை வீட்டுக்கு அடியில், பேய் அண்டாமலிருக்க முள் தாழை இலைகளை ஏற்கெனவே பரப்பியிருந்தார்.

நான் பிரஷர் பார்த்தேன். பாதரசம் போன உயரம் பிடிக்கவில்லை. தலைவலி, வீங்கிய முகம், கண்ணில் வெள்ளை வெளிச்சம்... இந்த வெள்ளைக்காரியை வார்டில் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

சரோஜாவின் புருஷனை ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். “பிரஷர் கேஸ்னு சொல்லு. ஆக்ஸிடோசினோட வரச் சொல்லு!”

ஆனால் குழந்தை ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்குமா? பிறந்துவிட்டது. பிரசவம் பார்க்க வந்திருந்த மருத்துவச்சி மேரி வழக்கம்போல் எர்கோமெட்ரின் ஊசியை எடுத்தாள். கர்ப்பப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைத் தடுக்கும் நல்ல மருந்து. ஆனால் பிரஷரையும் ஏற்றும் — சரோஜாவுக்கு மூளையில் ரத்தக்குழாயே வெடிக்கலாம்.

“கீழ வை!”

“எல்லாருக்கும் இதானே மிஸ்ஸி போடுறோம்?”

“இவ எல்லாரும் இல்ல.”

நஞ்சுக்கொடி விழுந்தது. பாக்கியம் கறுப்புத் துணியை இழுத்து மருமகளின் இடுப்புவரை மூடினார். பிரசவ ரத்தத்தை யாரும் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் பொந்தியானாக் உள்ளே வந்துவிடுவாளாம்.

அப்போதுதான் கேட்டது. வீட்டுக்கு அடியில், இலைகளின்மேல்... சொட்... சொட்...

“நக்குறா மிஸ்ஸி,” என்றார் பாக்கியம்.

துணியை உருவி எறிந்தேன். பாய் நனைந்து, பலகை இடுக்கு வழியாக ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே சத்தமே இல்லாமல் போன ரத்தம். சரோஜா வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை.

அடிவயிற்றில் கர்ப்பப்பை பழைய ரப்பர் பந்துபோல் தொளதொளவென்று கிடந்தது. தேய்த்தேன். கெட்டியானது. கையை எடுத்தால் மறுபடி தளர்ந்தது. அது சுருங்கட்டுமென்று மேரி சிறுநீர்க் குழாய் போட்டாள். பிள்ளையை மார்பில் வைத்தாள். சரோஜாவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. “தூக்கமா வருது மிஸ்ஸி...”

“தூங்கினா அடிப்பேன்!”

கடைசியில் ஆம்புலன்ஸ் மணி. பிரஷரை ஏற்றாமல் கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் ஏறியது. என் கைக்கு அடியில் கர்ப்பப்பை கல்லானது. கீழே சொட்டும் நின்றது.

மூடி வைத்தால் பேய் வராது என்பது நம்பிக்கை. விலக்கிப் பார் என்பது புரொசீஜர். எது உயிரைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வேண்டுமா என்ன?

நேற்று ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனேன். சரோஜா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, இன்னும் நிக்கிறாளா?”

“இல்ல மிஸ்ஸி. அன்னைக்கே உங்க பின்னாலயே இறங்கிப் போயிட்டா.”

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் சாய்ந்தேன். கால்மாட்டில் வெள்ளையாக ஏதோ... எழுந்து, முதல் வேலையாக என் பிரஷரைப் பார்த்தேன்.

நார்மல். அதுதான் பயமாக இருக்கிறது.