வீட்டுப் பாத்தி

எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்று எங்கள் தோட்டத்தில் புழுவுக்குக்கூடத் தெரியும். பண்டத்தரிப்புச் செம்மண்ணில் அப்பா வைத்த முட்டைக்கோவாப் பாத்திகளில் எங்கே கொத்தினாலும் ஒரு மண்புழு அகப்படாது. கிணற்றடியில் இருந்த ஒரேயொரு பாத்தியில் மட்டும் மண்வெட்டி பட்ட இடமெல்லாம் நெளியும். அது வீட்டுப் பாத்தி. அதற்கு அப்பா மருந்து அடிப்பதில்லை. இலையெல்லாம் ஓட்டை விழுந்த அந்தக் கோவாவைத்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஓட்டையில்லாதவை சந்தைக்குப் போயின.

தொண்டைமானாற்றில் தூண்டில் போடக் கூட்டிப்போவதாக மாமா சொல்லியிருந்தார். புழு சேர்ப்பது என் பொறுப்பு. முதல்நாள் பின்னேரம் சிரட்டையும் கையுமாக வீட்டுப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தேன். கோவா ஏற்ற வந்த வியாபாரி, மற்றப் பாத்திகளை விட்டுவிட்டு இதை ஏன் கிண்டுகிறாய் என்று கேட்டார்.

"அங்கை புழு இல்லை. இது நாங்கள் சாப்பிடுறது, மருந்தடிக்கிறேல்லை" என்றேன்.

வியாபாரி அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப அண்ணை, சனம் திண்டால் பரவாயில்லையோ?"

அப்பாவும் சிரித்தார். முகம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் நஞ்சு பரவினால் தாங்கலாம், கதை பரவினால் தாங்க முடியாது. லொறி போனதும், "வீட்டுக்கு ஒண்டு, ஊருக்கு ஒண்டெண்டு ஒருத்தரும் கதைக்கப்படாது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மணல்போன்ற குறுணல் மருந்தை வீட்டுப் பாத்திக்கும் தூவித் தண்ணீர் பாய்ச்சினார். மற்றப் பாத்திகளுக்கு மருந்தைக் குறைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. மானமுள்ள மனிதர், நேர்மையை இப்படித்தான் நிலைநாட்டினார்.

விடிய எழும்பிப் போனால், கொத்தவே தேவையில்லை. புழுக்கள் எல்லாம் தாமாகவே மேலே வந்து முறுகிக் கிடந்தன. அவற்றோடு நான் அதுவரை கண்டிராத சின்னஞ்சிறு பூச்சிகளும், கால் மடங்கிய வண்டுகளும். முருகன் தந்தது என்று நினைத்துச் சிரட்டை நிறைய அள்ளினேன். மாமா அதைக் கண்டதும் தட்டிக் கொட்டிவிட்டு, என் கைகளைச் சவர்க்காரம் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினார். "இண்டைக்குப் போகேலாது பிள்ளை." அவ்வளவுதான் சொன்னார். மாமாமீது எனக்கு அப்படியொரு ஆத்திரம்.

அதன்பின் அந்தப் பாத்தியில் எவ்வளவு ஆழமாகக் கொத்தியும் ஒரு புழு கிடைக்கவில்லை. அம்மா அந்தக் கோவாவில் கை வைக்கவில்லை. அதுவும் லொறியில் ஏறியது. எங்களுக்குச் சந்தையில் வாங்கி வந்தார்கள். ஓர் ஓட்டைகூட இல்லாத, பளபளவென்ற கோவா. யாருடைய தோட்டத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அம்மா அதைத் தேங்காய்ப்பூப் போட்டு வறை வைத்தபோது, நாங்கள் பணக்காரராகிவிட்டோம் என்றே நான் நினைத்தேன்.