பொன்னம்மா நடந்த கொடிக்கால்

இரண்டாம் வகுப்பைத் தாண்டாமலே, மகாராஜா காலத்து மைசூரில் வெற்றிலைக் கொடிக்கால் போட்டு ஆளானவன் நான். அதில் பாதி என் கூட்டாளி மாரப்பனுடையது. அவன் இறந்ததும், அந்தப் பாதியை அவன் மனைவி பொன்னம்மாவின் பெயருக்கு மாற்ற தாலுகாவின் நிலக்கணக்கைப் பார்க்கும் அமல்தார் கச்சேரியிலிருந்து அதிகாரி வந்தார். வாரிசானவர் தன் பாதியின் எல்லையைத் தானே நடந்து காட்ட வேண்டும் என்றார்.

மாரப்பனின் தம்பி குறுக்கே நின்றான். "தாலியறுத்தவ கால் பட்டா கொடி வாடிருமுங்க. எம்பேருக்கே எழுதிருங்க சாமி."

நானும் அதை நம்புகிறவன்தான். என் பாதிக் கொடிகளின் பக்கம் பார்த்தேன்.

பொன்னம்மா என்னைப் பார்த்தாள். "வாடுச்சுன்னா உங்க பாதிக்கு நான் பொறுப்புங்கண்ணா." சொல்லிவிட்டு உள்ளே இறங்கி எல்லை முழுக்க நடந்தாள். அதிகாரி அவள் பெயரை எழுதினார்.

கொடி வாடவில்லை. அதுகூட எனக்குப் பெரிதில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களோடு தொழில் செய்திருக்கிறேன். தன் பாதியே கைக்கு வராத நேரத்தில் என் பாதிக்குப் பொறுப்பேற்ற ஆளை அன்றுதான் பார்த்தேன்.