சகலைக்குக் கொடுத்த சின்ன ஈயக்குண்டு

பல்லுக்காரர் பொறாமைக்காரர் அல்ல. இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். யாரும் கேட்காத சமயங்களில்கூட.

அவருக்கு அந்தப் பெயர் தொழிலால் வந்தது. பல் டாக்டருடைய கிளினிக்கின் பின்பக்க அறையில், ஒரு ஜன்னலுக்கும் ஒரு வாஷ்பேசினுக்கும் நடுவில் உட்கார்ந்து பல்செட் செய்கிறார். டாக்டர் எடுத்த வாயச்சில் பிளாஸ்டர் ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சண்டை போடாமல் சேர்கிறதா என்று பார்த்து அனுப்புவார். இருபத்திரண்டு வருடங்களாக ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவர் தயவில். அவர்களில் ஒருவருடைய முகமும் அவருக்குத் தெரியாது. வாயைத் திறந்தால் தெரியும்.

அதே பிளாஸ்டரில் ஞாயிற்றுக்கிழமைக்கான அச்சுகளும் செய்துகொள்வார். தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுக்கான அச்சு. பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் உருகிய ஈயம் முகத்தில் தெறிக்கும். அவருடைய குண்டுகள் நூறு கிராம், முட்டை வடிவம், வழவழப்பு. அவற்றைக் கட்டிக் கோலைத் தோளுக்குப் பின்னால் சாய்த்து அவர் வீசினால், கடற்கரையில் மற்றவர்கள் தங்கள் தூண்டிலை மறந்துவிட்டுப் பார்ப்பார்கள். குண்டு எங்கே விழுந்தது என்று கண்டுபிடிக்கவே சற்று நேரமாகும்.

புதிதாக வருகிறவர்களை அவரிடம்தான் அனுப்புவார்கள். அவரும் சலிக்காமல் சொல்லிக்கொடுப்பார். இறாலை முள்ளில் கோக்கும்போது முனை கொஞ்சம் வெளியே தெரியணும். தூண்டில் நரம்பைத் தொய்ய விடக்கூடாது. மீன் தொட்டவுடன் இழுக்காதே, அது கவ்வும்வரை பொறு. தண்ணீர் ஏறும் நேரத்துக்கு வா. வற்றுகிற நேரத்தில் கரைக்கு வருகிறவன் காற்று வாங்க வருகிறவன். எல்லாம் நல்ல பாடங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு பாடம் இருந்தது: "தூரம் போடணும். கரையோரம் இருக்கிறதெல்லாம் மீனா? அது பூனைக்கு."

பிடித்த மீன் ஞாயிறு மதியம் மாமியார் வீட்டுக்குப் போகும். மாமியாருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் பல்லுக்காரர். இளையவளைக் கட்டியவர் அவருடைய சகலை. இரண்டு குடும்பமும் ஞாயிறு அங்கேதான் சாப்பாடு. ஒன்பது வருடங்களாகச் சட்டியில் விழுந்தது பெரிய மாப்பிள்ளையின் மீன். அது கையகல மீனாக இருந்த வாரங்கள் உண்டு. மீசையும் முள்ளுமான கெளிறு மட்டும் கிடைத்த வாரங்களும் உண்டு. ஆனால் "பெரிய மாப்பிள்ளை வந்தாத்தான் அடுப்புப் பத்த வைப்பேன்" என்று மாமியார் சொல்லும் ஒரு வாக்கியத்துக்காக அவர் ஆறு நாளும் அடுத்தவர் பல்லை ராவிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

சகலையின் தொழில் வீட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவது. ஒரு ஃப்ரிட்ஜை முதுகில் பட்டை போட்டுக் கட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறிவிட்டு, மேலே போய், "தண்ணி கிடைக்குமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிற ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு மணிவரை தூங்குவார். அது பொறுக்காமல் அவர் மனைவி ஒருநாள் மதிய சாப்பாட்டில் பேச்சை எடுத்தாள்.

"அத்தான், இவரையும் உங்ககூடக் கூட்டிட்டுப் போங்களேன். தூங்கித் தூங்கி மெத்தை பள்ளமாயிடுச்சு."

"வரட்டுமே" என்றார் பல்லுக்காரர். மனதில் ஒரு களங்கமும் இல்லை. மீன் பிடிக்கத் தெரியாத சகலை பக்கத்தில் நிற்பது அவருக்கு நிறைவாகவே இருந்திருக்கும்.

பழைய கோல் ஒன்றைக் கொடுத்தார். பாடங்களைச் சொன்னார். குண்டு கொடுக்கும்போதுதான் கை சற்றுத் தயங்கியது. சகலையின் தோள்களைப் பார்த்தார். பிறகு டப்பாவின் அடியிலிருந்து முப்பது கிராம் குண்டு இரண்டை எடுத்து நீட்டினார்.

"ஆரம்பத்துக்கு இது போதும் சகலை. பெரிசு கட்டினா தோள் இறங்கிடும்."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்றார் ஃப்ரிட்ஜ் தூக்குகிறவர்.

சின்னக் குண்டு சகலையின் வீச்சில் எதிர்க்காற்றில் தள்ளாடி, ஐம்பது அடியில் பொத்தென்று விழுந்தது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "என்னப்பா, காலைக் கழுவப் போட்டியா?" என்று ஒருவர் கேட்டார். பல்லுக்காரர் சிரிக்கவில்லை. பெருந்தன்மையாகத் தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் ஞாயிறு சகலைக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது ஞாயிறு இரண்டரைக் கிலோவில் ஒரு கொடுவா.

மாமியார் கொடுவாவைப் பார்த்தார். பெரிய மாப்பிள்ளை கொண்டுவந்திருந்த இரண்டு கெளிற்றையும் பார்த்தார். "ஒரே சட்டியில எவ்வளவுதான் போடுறது?" என்றார். "இந்தக் கெளிறை உள்ள வச்சுடுறேன், நாளைக்கு ஆகும்." ஃப்ரிட்ஜின் மேல்தட்டுக் கதவு திறந்து மூடியது.

அடுத்த ஞாயிறும் அந்தக் கதவு திறந்து மூடியது. அதற்கடுத்ததும். நான்காவது வாரம் மேல்தட்டில் இடமில்லை. மாமியார் பழைய கெளிறுகளை ஒதுக்கிப் புதியதைச் செருகினார். எல்லாவற்றையும்விடச் சகலையின் நன்றி உணர்ச்சிதான் தாங்க முடியாததாக இருந்தது.

"எல்லாம் அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான் அத்தை. எனக்கு என்ன தெரியும்?"

வீடு திரும்பும்போது பல்லுக்காரரின் மனைவி சொன்னாள், "உங்ககிட்டக் கத்துக்கிட்டவர்தானே? பெருமையா இருக்கணும்."

"பெருமையாத்தான் இருக்கு."

"அதுக்கு ஏன் பல்லைக் கடிக்கிறீங்க?"

அந்த வாரம் ஒரு பள்ளி ஆசிரியைக்குச் செய்த பல்செட் திரும்பி வந்தது. மேல்வரிசை ஒரு நூல் உயரம். வாயை மூடினாலே கீழ்வரிசையைக் கொத்தியது. டாக்டர் அதை மேஜையில் வைத்து, "இது என்னய்யா, திங்கிறதுக்கா, யாரையாவது கடிக்கிறதுக்கா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடத்தில் திரும்பி வந்த முதல் செட்.

பல்லுக்காரர் ஆராயத் தொடங்கினார். சகலை வாங்கும் கடையிலேயே இறால் வாங்கினார். முள்ளின் அளவைப் பார்த்தார். தான் கொடுத்த அதே முள்தான். "இன்னைக்கு நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க" என்று இடத்தை மாற்றிக்கொண்டார். மீன் சகலையோடு இடம் மாறியது. கடைசியில் ஒரே ஒரு விளக்கம்தான் மிச்சமிருந்தது: இந்த ஆள் வார நாட்களில் திருட்டுத்தனமாக வந்து இரை தூவிக் கடலைப் பழக்கி வைக்கிறான்.

கையும் களவுமாகப் பிடிக்க, ஒரு புதன்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் கடற்கரைக்குத் திரும்பினார். சகலை அங்கே இல்லை. அந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய பீரோவோடு மாடிப்படியில் இருந்தார். கடலும் அங்கே இல்லை. தண்ணீர் வற்றி வெகுதூரம் போயிருந்தது.

ஒன்பது வருடங்களில் பல்லுக்காரர் அந்த நேரத்துக்கு வந்ததே இல்லை. வரக்கூடாது என்பது அவருடைய பாடம். அதனால்தான் தான் மீன் பிடிக்கும் இடத்தின் தரையை அவர் அன்றுதான் முதல்முறை பார்த்தார். அவர் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேர்முன்னால், ஐம்பது அடியில், கரைக்கு இணையாக நீளமாக ஒரு பள்ளம். இடுப்பளவு ஆழம். அதில் இன்னும் தண்ணீர் நின்றது. சிப்பி, நண்டு வளை, துள்ளும் பொடிமீன்கள். பள்ளத்தைத் தாண்டி ஒரு மணல் மேடு. அதற்கப்பால், அவருடைய நூறு கிராம் குண்டுகள் ஒன்பது வருடம் போய் விழுந்த இடத்தில், சட்டையை இஸ்திரி போட்டதுபோல வெறும் மணல். ஒரு நத்தைகூட இல்லை.

தண்ணீர் ஏறும்போது பெரிய மீன் மேயவரும் இடம் காலடியில் இருந்தது. அதன் தலைக்கு மேலாகத்தான் அவர் அத்தனை வருடமும் அழகாக வீசிக்கொண்டிருந்தார். சின்னக் குண்டு அதைத் தாண்ட முடியாது. சகலை எவ்வளவு பலமாக வீசினாலும் தாண்ட முடியாது. பள்ளத்துக்கு விலாசம் எழுதிச் சகலையை மீனிடம் அனுப்பியது அவரேதான்.

டாக்டருக்குப் போன் செய்து வயிறு சரியில்லை என்றார். அது பொய்யல்ல, எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்க் கோலோடு திரும்பி, தண்ணீர் ஏறும்வரை காத்திருந்து, சின்னக் குண்டு ஒன்றைக் கட்டிப் பள்ளத்தில் போட்டார். கால் மணி நேரத்தில் கோல் வளைந்தது. நான்கு கிலோவுக்குக் குறையாத காலா மீன். வாழ்நாளில் அவர் பிடித்ததில் அதுதான் பெரியது. வயிற்றுவலி என்று விடுப்புச் சொன்னவர் அதைத் தூக்கிக்கொண்டு கிளினிக் இருக்கும் தெருவைக் கடக்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் எப்படிப் பிடித்தீர்கள் என்ற கேள்வி வரும். சுற்றிலும் பார்த்தார். பார்க்க ஒருவருமில்லை. முள்ளைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டார். அது நன்றிகூடச் சொல்லாமல் போயிற்று. சகலையாக இருந்தால் சொல்லியிருப்பார்.

இப்போது வழி தெரிந்துவிட்டது. ஞாயிறு சட்டியைத் திரும்பப் பெற வேண்டுமானால் சகலையைப் பள்ளத்திலிருந்து அப்புறப்படுத்த வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை சகலை வீட்டுக்கே போனார். ஒரு துணியைப் பிரித்தார். நூறு கிராம் குண்டு ஆறு, புத்தம் புதியவை, பல்லுக்குப் போடுகிற பாலீஷ் போட்டுப் பளபளவென்று.

"சகலை, நீங்க தேறிட்டீங்க. இனிமே தூரம் போடலாம்."

சகலைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, எங்க கூடப்பிறந்தவன்கூட எனக்கு இப்படிச் செஞ்சதில்ல" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். பல்லுக்காரர் இரண்டு டம்ளர் குடித்தார்.

ஞாயிறு காலை தோளில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். "தோள் பிடிச்சுக்கிச்சு. இன்னைக்குப் பக்கத்துலதான் போட முடியும்" என்று பொதுவாக அறிவித்தார். சகலை நூறு கிராம் குண்டைக் கட்டினார். கோலைப் பின்னால் சாய்த்தார். ஃப்ரிட்ஜும் பீரோவும் சுமந்த தோள் ஒருமுறை சுழன்றது.

குண்டு விழவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு மிகத் தொலைவில் ஒரு வெள்ளைப் பொட்டுத் தெறித்தது. ரீலில் நரம்பு தீர்ந்து அடித்தண்டு தெரிந்தது. யாரோ விசிலடித்தார்கள்.

"யப்பா! பல்லுக்காரரைத் தூக்கிச் சாப்பிட்டுட்டானே!"

"இன்னொரு தடவை போடு, பார்ப்போம்!"

சகலை இன்னொரு தடவை போட்டார். கரை முழுக்க அவரைச் சுற்றி நின்றது. அந்த ஆரவாரத்தில், ஐம்பது அடியில், பல்லுக்காரர் மூன்று கிலோ கொடுவா ஒன்றை ஒரு சாட்சியும் இல்லாமல் கரையேற்றினார்.

மதியம் அந்தக் கொடுவா சட்டியில் விழுந்தது. சகலைக்கு அன்று ஒன்றும் மாட்டவில்லை. அவருக்கு அது நினைவில்கூட இல்லை. பல்லுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐந்து வாரம் காத்திருந்த வாக்கியம் வரட்டும் என்று தட்டைப் பார்த்தார்.

"கரையில எல்லாரும் கைதட்டினாங்களாம்மா!" என்று இளையவள் ஆரம்பித்தாள். "அத்தானைவிட ஒன்றரை மடங்கு தூரமாம்."

"அப்படியா சின்ன மாப்பிள்ளை?" என்றார் மாமியார். பிறகு பெரிய மாப்பிள்ளையின் தட்டில் ஒரு துண்டு வைத்து, "பாவம், தோளு முடியாம பக்கத்துல போட்டிருக்கார். அதுலயும் ஒண்ணு வந்து மாட்டியிருக்கு பாரு. எல்லாம் அதிர்ஷ்டம்" என்றார்.

அதிர்ஷ்டம்! சட்டி அவருடையது, மீன் அவருடையது. அறிவு மட்டும் யாருடையதோ. வாயை மூடிக்கொண்டு தின்றிருந்தால் வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகள் அவர் பக்கம் இருந்திருக்கும். அவருக்கும் அது தெரியும்.

"அதிர்ஷ்டமெல்லாம் கிடையாது" என்றார்.

உப்புக் கிண்ணத்தைக் கரையாக வைத்தார். இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் பள்ளம். தட்டு ஒன்றைக் கவிழ்த்து மணல்மேடு. தண்ணீர் எப்படி ஏறுகிறது, மீன் எந்த இடைவெளியில் நுழைகிறது, ஏன் தூரம் போடுகிறவனுக்குக் கெளிறு மட்டும், எந்தக் கனம் கட்டினால் குண்டு எங்கே விழும் என்று அரை மணி நேரம் விளக்கினார். பிரமாதமாக விளக்கினார். தோள்துண்டு எப்போதோ நழுவிவிட்டது. வலித்த கை கரண்டிகளின் மேல் சுற்றிச் சுழன்றது.

முடித்ததும் சகலைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அண்ணே... அப்ப முதல் நாளே எனக்குச் சின்னக் குண்டு குடுத்தது இதுக்குத்தானா? உங்களுக்குக் கெளிறு போதும், எனக்குக் கொடுவா கிடைக்கட்டும்னா?"

பல்லுக்காரர் மறுக்கலாமா என்று யோசித்தார். மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும்.

"ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரு உற்சாகம் வேணுமில்ல" என்றார்.

"பார்த்தியாடி?" என்றார் மாமியார் மூத்தவளிடம். "இந்த மனசு யாருக்கு வரும்?"

மூத்தவள் கணவனைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாக அந்த மனசோடு குடித்தனம் நடத்துகிறவள். கரண்டிகளைப் பொறுக்கினாள்.

அடுத்த ஞாயிறு சகலைகள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, ஒரே பள்ளத்தில், ஒரே அளவு குண்டைப் போட்டார்கள். பல்லுக்காரருக்கு இரண்டு கிலோ. சகலைக்கு இரண்டே முக்கால். மாமியார் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். பல்லுக்காரர் ஃப்ரிட்ஜைப் பார்க்காமல் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சாப்பாட்டில் சகலை தன் மீனின் நடுத்துண்டை எடுத்து முதலில் அண்ணன் தட்டில் வைத்தார்.

மீன் அருமையாக இருந்தது. அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை. இன்னொரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.