புல்லுக்குள் படுத்திருந்தவை

விடியற்காலைப் பனியில் ஊறிய புல் முழங்காலுக்கு மேலே வந்து உரசும்போது காற்சட்டை முதலில் குளிரும், பிறகு கனக்கும், கடைசியில் சப்பாத்துக்குள் தண்ணீர் இறங்கி ஒவ்வோர் அடிக்கும் சளக் சளக்கென்று சத்தம் போடும். எனக்குப் பதினொரு வயதான கோடையின் ஒரு காலை அந்தச் சத்தத்தோடுதான் என் நினைவில் தொடங்குகிறது.

பீல் நகரத்திலிருந்து பஸ்ஸில் போனால் வரும் ஒரு சிறிய கிராமத்தில், ரூடி என்ற "பவுர்", அதாவது விவசாயி, ஒருவரின் பழைய வீட்டு மேல்மாடியில், ஊரை விட்டு வெளிநாடு வந்திருந்த நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா நகரத்தில் கடிகார உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். மாடுகளின் கழுத்து மணியும், மழைக்கு முன் தாழப் பறக்கும் குருவிகளும், பாலும் சாணமும் கலந்து படியேறி வரும் மணமும் எனக்குக் கவிதையாகவே தெரிந்தன. பள்ளியில் ஆசிரியை கோடையைப் பற்றி எழுதச் சொன்னபோது, காற்று புல்வெளிக்குத் தலை வாரிவிடுகிறது என்று ஜெர்மனில் நாலு வரி எழுதினேன். அதை அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டியபோது, "நல்லாயிருக்குப் பிள்ளை" என்றவர், "ஆனா புல்லுக்குள்ள என்ன கிடக்கெண்டு காத்துக்குத் தெரியாதுதானே" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

புல் வெட்டும் காலத்தில்தான் அங்கே மான்கள் குட்டி போடும். தாய் குட்டியை உயர்ந்த புல்லுக்குள் ஒளித்துவிட்டுப் போய்விடும். என்ன சத்தம் வந்தாலும் குட்டி எழும்பாமல் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். நரியிடமிருந்து அந்த அசையாமை அதைக் காப்பாற்றும், இயந்திரத்திடமிருந்து காப்பாற்றாது. முந்தைய வருடம் ஒரு "கிட்ஸ்லி", மான்குட்டியை அப்படித்தான் சொல்வார்கள், வெட்டுப்பட்டுப் போனது. அதனால் அந்த வருடம் அவர் எல்லா வீடுகளுக்கும் போய், வெட்டுவதற்கு முன் புல்வெளியைத் தேடிப் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டார். அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம்.

ஆளுக்கொரு தடி தந்து, கை நீட்டினால் பக்கத்து ஆளைத் தொடுகிற தூரத்தில் எங்களை வரிசையாக நிறுத்தி, மெதுவாக நடக்கச் சொன்னார் ரூடி. கொஞ்சத் தூரம் போனதும் அப்பா நின்றுவிட்டார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், தடிகளால் புல்லை விலக்கிக்கொண்டு வரும் அத்தனை பேரையும் பார்த்தார். அவருடைய முகத்தை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நீங்கள் போய் இருங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்றார் அம்மா. ரூடியிடம் அப்பாவுக்குத் தலைச்சுற்று என்று சொல்லிச் சமாளித்தார். அப்பா தடியைக் கீழே போட்டுவிட்டு ஓரத்துக்குப் போய் மரக்குற்றியில் உட்கார்ந்தார்.

குட்டியைக் கண்டது நான்தான். முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி, கண் திறந்தபடி இருந்தது, வயிறு மட்டும் ஏறி இறங்கியது. மனித வாடை படாமல் இரண்டு கையிலும் புல்லை அள்ளி வைத்துக்கொண்டு ரூடி அதைத் தூக்கிப் போய், நிழலில் ஒரு மரப்பெட்டியால் மூடினார். மிச்ச இடத்தையும் நடந்து முடித்தோம். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரூடி அவசரமாக ட்ராக்டரில் ஏறினார்.

அப்போது அப்பா எழுந்து வந்து ட்ராக்டருக்கு முன்னால் நின்றார்.

"நோஹ் ஐன்ஸ்" என்றார். இன்னும் ஒன்று.

முழுவதும் பார்த்தாயிற்று, மழை வருகிறது என்று ரூடி வானத்தைக் காட்டினார். அப்பா நகரவில்லை. "ரெண்டு பேரா இருந்திருப்பினம்" என்று அம்மாவிடம் சொன்னார். "ஒராளை மட்டும் எடுத்துக்கொண்டு போகேலாது." பிறகு தனியாகப் புல்லுக்குள் இறங்கினார். மழை தொடங்கியது. ரூடி எஞ்சினை நிறுத்தி, தாய் தேடி வரட்டும் என்று பெட்டியைக் குட்டியின் மேலிருந்து எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அப்பா நனைந்து ஊறும்வரை குனிந்து குனிந்து தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

அன்று மத்தியானம் அவருடைய காலுறைகளைப் பிழிந்தபடி அம்மா எனக்குச் சொன்னார்: "சண்டை நேரம் ஊரில கொப்பாவும் சித்தப்பாவும் வயலுக்குள்ள ஒளிச்சுப் படுத்திருந்தவை. ஆமி இப்பிடித்தான் வரிசையா நடந்து வந்தது. சித்தப்பா பயந்து எழும்பி ஓடினவர், சுட்டுப்போட்டாங்கள். கொப்பா அசையேல்லை."

சித்தப்பாவை நான் படத்தில் மட்டுமே கண்டிருந்தேன்.

நாட்கணக்காக மழை பெய்து அந்தப் புல் சரிந்து அழுகத் தொடங்கியது. கடைசியில் வெட்டியபோது உள்ளே ஒன்றுமில்லை. இரண்டாவது குட்டி இருந்ததா, தாய் கூட்டிக்கொண்டு போனதா, யாருக்கும் தெரியாது. புல் வீணானதற்கு ரூடி எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் படியேறி வந்து, அம்மாவையும் என்னையும் மட்டும் கூப்பிட்டார். நாங்கள் வரிசையில் நடந்தபோது அப்பா சமையலறை யன்னலில் நின்றுகொண்டிருந்தார். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த, புல்வெளியைப் பற்றிய என் நாலு வரியை நானே கழற்றிவிட்டேன்.

இப்போது நான் பாடன் என்ற வேறொரு நகரத்தில் இருக்கிறேன். போன கோடையில் ரூடியைப் பார்க்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். தடியோடு நடக்கும் வரிசை இப்போது அங்கே இல்லை. அயலவர்கள் ஒன்றுகூடுவதும் இல்லை. மான்குட்டிகளைத் தேட ஓர் இளைஞன் ட்ரோன் ஒன்றைப் பறக்கவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சாம்பல் நிறப் புல்வெளியில், உடற்சூடு இருக்கும் இடம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

அப்பா நெடுநேரம் அதைப் பார்த்தார். "மனிசர் படுத்திருந்தாலும் தெரியுமோ எண்டு கேள்" என்றார்.

கேட்டேன். இன்னும் நன்றாகவே தெரியும் என்று அவன் பெருமையோடு சொன்னான்.

"ஓமாம் அப்பா."

அப்பா தலையை உயர்த்தி, மேலே இரைந்துகொண்டிருந்ததைத் தேடினார். பிறகு, "வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். புல்வெளியூடாகப் போனால் தரிப்பிடம் கிட்ட. அவர் சுற்றிக்கொண்டு, மரங்களுக்குக் கீழாலேயே நடந்தார்.