ரெண்டுக்கும் ஆமாங்க

என்னோடு உளவியல் ஆராய்ச்சி செய்த தோழியைப் போல ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததில்லை. கிணத்துக்கடவுப் பக்கத்து விவசாயக் குடும்பப் பெண்களின் மனநிலை பற்றி வீடு வீடாகக் கேட்டுத் தீசிஸ் எழுதி முடித்திருந்தாள். பெண்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது முடிவு. ஓர் ஆய்விதழும் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. தீசிஸைக் கொடுத்தால் டாக்டர் பட்டம். பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் வேலையும் தயார். இவ்வளவு கூடி வந்த பிறகு, "பதில் மாறுதான்னு கொஞ்சம் பேரை மறுபடி கேட்டுப் பாத்தர்லாம், வா" என்று கோவை உக்கடத்தில் என்னைப் பஸ் ஏற்றினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

அவள் முன்பே ஒரு தடவை கேட்டுவிட்டுப் போயிருந்த முதல் வீட்டு அக்கா மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

"நல்லா தூக்கம் வருதுங்களா அக்கா?" என்றாள் தோழி.

"ஆமாங்க."

ஊர்க்கதை கொஞ்சம் பேசிவிட்டு, அதே கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "தூக்கம் வராம கஷ்டப்படறீங்களா?"

"ஆமாங்க."

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க அக்கா, ரெண்டுக்கும் ஆமான்னா எப்படிங்க?"

அக்கா சிரித்தார். "இத்தன தூரம் வெயில்ல வந்து கேக்கறீங்க. இல்லீங்கன்னு மூஞ்சில அடிச்சாப்பல சொல்ல முடியுங்களா அம்மணி?"

அடக் கடவுளே! அவள் தீசிஸுக்காகக் கேட்ட கேள்விகள் எல்லாமே, ஆமாம் என்றாலே நிம்மதி என்று ஆகிவிடும் நல்லபடியான கேள்விகள். எல்லோரும் மரியாதைக்கு ஆமாங்க போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நாங்களும் இதே ஊர்க்காரிகள்தான், தினமும் இதையேதான் செய்கிறோம். ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

"பேசாம தீசிஸக் குடுத்துப்போடு, யாரு கண்டா?" என்றேன் திரும்பும் பஸ்ஸில்.

"நாளைக்கு யாராச்சும் இதப் படிச்சுட்டு, அந்த அக்காளுக்கு ஒரு கொறையும் இல்லைன்னு முடிவு பண்ணிருவாங்கடி" என்றாள்.

மறுநாளே ஆய்விதழுக்குக் காரணத்தை எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாள். கேட்ட கேள்விகள், வந்த பதில்கள், தான் எங்கே தவறினாள் என்பது வரை, பெண்களின் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, யாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டாள். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. எனக்குத்தான் அழுகை வந்தது. அவளோ கேள்விகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தைரியம் எனக்குச் சத்தியமாகக் கிடையாது.

மாதங்கள் கழித்து அதே வீட்டுக்குப் போனோம். அதே மோர். இந்தத் தடவை அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள்: "அக்கா, இல்லைன்னு சொன்னா நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேனுங்க. உள்ளத உள்ளபடி சொன்னீங்கன்னா அதுதான் எனக்குப் பெரிய உபகாரம்." பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேட்டாள்.

அக்கா வாசலைப் பார்த்தபடி சொன்னார்.

"இல்லீங்க கண்ணு. அவரு போனதுலருந்து தூக்கமே இல்லீங்க. இத யாருமே எங்கிட்டக் கேக்கலீங்க."

அவள் அந்தக் கேள்வியோடு அந்த வீட்டுக்கு வந்தது அது மூன்றாவது தடவை.